மஞ்சள் காய்ச்சல் கொசுக்களும் புதுச்சேரியும்

மஞ்சள் காய்ச்சல் கொசுக்கள் என்பவை மஞ்சள் காய்ச்சல் தீநுண்மியை (வைரசை) ஒரு குரங்கிலிருந்து இன்னொரு குரங்குக்கும், குரங்கிலிருந்து மனிதருக்கும், மனிதரிலிருந்து மனிதருக்கும் கடத்தும் கொசு இனங்கள் ஆகும். இலங்கை வழக்கில் கொசு நுளம்பு எனப்படும். இவற்றுள் பெரும்பாலானவை ஆப்பிரிக்க, தென் அமெரிக்கக் காடுகளின் மரப்பொந்துகளில் வளர்பவை. ஏடிசு எகிப்தி என்ற ஓரினம் மட்டும் காட்டை விட்டு மனிதர் வீட்டுக்குள் குடியேறி, கப்பல் ஏறி, வெப்ப மண்டலம் முழுவதும் பரவியது. புதுச்சேரி நகரின் வீடுகளில் டெங்கு, சிக்குன்குனியா நோய்களைப் பரப்புவது இதே கொசுதான்.

மஞ்சள் காய்ச்சல் இந்தியாவில் ஒருபோதும் பரவியதில்லை. ஆனால் அதைப் பரப்பக்கூடிய கொசு இங்கு உண்டு. தீநுண்மிக்கு எளிதில் இரையாகும் குரங்குகள் உண்டு. எதிர்ப்பாற்றல் இல்லாத மக்கள் உண்டு. நோய்ச் சங்கிலியில் இல்லாதது தீநுண்மி ஒன்றே. தொலைவிலுள்ள காட்டுக் கொசுக்களின் வாழ்க்கை புதுச்சேரி போன்ற ஓர் ஊருக்கு முக்கியமாவது இதனாலேயே.

நோயும் கொசுவும்

மஞ்சள் காய்ச்சல், டெங்கு, சப்பானிய மூளையழற்சி ஆகியவற்றின் தீநுண்மிகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. தொற்றியவர் பலருக்குக் காய்ச்சல், தலைவலி, முதுகுவலி ஆகியவற்றோடு நோய் நீங்கிவிடும். ஒரு பகுதியினருக்குச் சில நாட்களில் நோய் திரும்பி வந்து ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். தோலும் கண்ணும் மஞ்சளாவதால் இப்பெயர் ஏற்பட்டது. இந்த இரண்டாம் கட்டத்தை அடைந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பத்து நாட்களுக்குள் இறக்கின்றனர். நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை, தடுப்பூசி உண்டு.

கொசுவே இதைப் பரப்புகின்றது என்ற கருத்தை 1881 ஆம் ஆண்டு கியூபா மருத்துவர் கார்லோசு பின்லே முன்வைத்தார். 1900 ஆம் ஆண்டு அவானாவில் வால்ட்டர் ரீடு தலைமையிலான அமெரிக்க இராணுவக் குழு அதனை மெய்ப்பித்தது. அதன் பின் அவானாவிலும் பனாமாவிலும் வீட்டுக் கொசுவை ஒழித்து நோயை விரட்டினர். நகரங்களில் கொசுவை ஒழித்தால் மஞ்சள் காய்ச்சல் உலகிலிருந்தே மறையும் என்று அக்காலத்தில் நம்பப்பட்டது. அந்நம்பிக்கை தவறானது, ஏனெனில் நோயின் வேர் நகரத்தில் இல்லை, காட்டில் இருந்தது.

ஆப்பிரிக்கக் காட்டில்

நோய்க்கு முதற்காரணம் தீநுண்மி என்பது 1927 ஆம் ஆண்டு மேற்கு ஆப்பிரிக்காவில் உறுதியானது. இன்றைய கானாவில் அசிபி என்ற நோயாளியின் குருதியை ஆய்வாளர்கள் ஒரு செம்முகக் குரங்குக்குச் செலுத்தினர். குரங்கு மஞ்சள் காய்ச்சலால் இறந்தது. செம்முகக் குரங்கு ஆப்பிரிக்க விலங்கன்று, இந்தியாவைச் சேர்ந்தது. ஆப்பிரிக்கக் குரங்குகள் இத்தீநுண்மியோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகியவை. தொற்று ஏற்பட்டாலும் அவை பெரும்பாலும் நோயுறுவதில்லை. அதை என்றும் கண்டிராத ஆசியக் குரங்கு சில நாட்களில் மாண்டது. அவ்வாய்வில் ஈடுபட்ட ஏட்ரியன் சுடோக்சும் அதே ஆண்டு மஞ்சள் காய்ச்சலுக்குப் பலியானார். அசிபியின் குருதியிலிருந்து கிடைத்த தீநுண்மியை வலுவிழக்கச் செய்தே 1937 ஆம் ஆண்டு மேக்சு தைலர் 17டி என்ற தடுப்பூசியை உருவாக்கினார். இன்றும் பயன்படுவது அதன் வழிவந்த தடுப்பூசியே. இதற்காக அவருக்கு 1951 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

காட்டுக் கொசுக்களின் நடத்தையை விரிவாக ஆராய்ந்த இடம் உகாண்டா ஆகும். 1936 ஆம் ஆண்டு என்டபேயில் மஞ்சள் காய்ச்சல் ஆய்வுக் கழகம் நிறுவப்பட்டது. அங்கு பணியாற்றிய அலெக்சாண்டர் அடோவும் அவருடைய குழுவினரும் காட்டில் தரையிலும், மரங்களில் வெவ்வேறு உயரங்களிலும் மேடைகள் அமைத்து, எந்தக் கொசு எந்த உயரத்தில் எந்நேரம் கடிக்கின்றது என்று இரவும் பகலும் கணக்கெடுத்தனர். ஏடிசு ஆப்பிரிக்கானசு என்ற கொசு மர உச்சியில் பொழுது சாயும் வேளையில் மிகுதியாகக் கடிப்பது தெரியவந்தது. குரங்குகள் உறங்குவதற்காக மரக்கிளைகளில் ஒன்றுகூடும் நேரமும் அதுவே. மனிதர் நடமாடும் தரைக்கு இக்கொசு குறைவாகவே இறங்குகின்றது.

அப்படியானால் மனிதருக்கு நோய் வருவது எவ்வாறு? இதற்கு விடை வாழைத் தோட்டத்தில் கிடைத்தது. குரங்குகள் பகலில் காட்டோரத் தோட்டங்களுக்கு வந்து வாழைக்குலைகளைத் தின்கின்றன. ஏடிசு சிம்சோனி எனப்பட்ட கொசுத் தொகுதி, வாழை இலையின் அடிப்பகுதி தண்டோடு சேரும் குழிவில் தேங்கும் சிறிதளவு நீரில் முட்டையிட்டு வளர்வது. அது தோட்டத்துக்கு வந்த குரங்கையும் கடிக்கும், தோட்டக்காரரையும் கடிக்கும். 1960 முதல் 1962 வரை எத்தியோப்பியாவில் பரவிய மஞ்சள் காய்ச்சலில் சுமார் 30,000 பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகின்றது. அங்கு வாழையைப் போன்ற என்செட் பயிரின் இலையடிகளில் வளர்ந்த கொசுக்கள் பெரும்பங்கு வகித்தன.

இதே உகாண்டா ஆய்வின்போது, 1947 ஆம் ஆண்டு சிக்கா காட்டில் கூண்டில் வைக்கப்பட்ட ஒரு செம்முகக் குரங்கிலிருந்து புதிய தீநுண்மி ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. அதற்கு அக்காட்டின் பெயரே இடப்பட்டது. தேடியது மஞ்சள் காய்ச்சலை, கிடைத்தது சிக்கா.

மழையில்லாத மாதங்களில் தீநுண்மி எங்கே ஒளிந்திருக்கின்றது என்பது இத்துறையின் பழைய கேள்வி. ஏடிசு இனக் கொசுவின் முட்டை நீர் வற்றிய பொந்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு பல மாதங்கள் உலர்ந்து கிடக்க வல்லது; மழை பெய்ததும் பொரிக்கும். தொற்றுள்ள பெண் கொசு இட்ட முட்டைகளில் சிறு பங்கு தீநுண்மியைச் சுமப்பதும் அறியப்பட்டுள்ளது. ஆகவே வறண்ட மரப்பொந்து ஒன்று அடுத்த மழைக்காலத்துக்கான நோயைச் சேமித்து வைத்திருக்க இயலும்.

தென் அமெரிக்கக் காட்டில்

அடிமை வணிகக் கப்பல்களில் அமெரிக்கக் கண்டத்துக்குச் சென்ற தீநுண்மி, அங்கிருந்த வேறு கொசுக்களையும் குரங்குகளையும் பற்றிக்கொண்டு காட்டில் நிலைபெற்றது. ஏடிசு எகிப்தி இல்லாத இடத்திலும் மஞ்சள் காய்ச்சல் வருவதை 1932 ஆம் ஆண்டு பிரேசிலின் எசுப்பிரித்து சாந்து மாநிலத்தில் பிரெட் சோப்பரின் குழு கண்டறிந்தது. அங்குக் கடத்திகள் ஈமகோகசு, சபீத்தசு என்ற பேரினங்களைச் சேர்ந்தவை. நீலமும் பச்சையுமாக உலோகம் போல் மின்னும் இக்கொசுக்கள் மர உச்சியில் வெயில் நேரத்தில் கடிப்பவை.

இவற்றைத் தரைக்குக் கொண்டுவருவது கோடரி ஆகும். கொலம்பியாவில் ஆய்வு செய்த ஓர்கே பொசெல் என்ற மருத்துவர், விறகு வெட்டிகள் பெரிய மரம் ஒன்றைச் சாய்த்தவுடன் அதன் உச்சியிலிருந்த நீலக் கொசுக்கள் அவர்களைச் சூழ்ந்துகொண்டதைக் கண்டார். காட்டு மஞ்சள் காய்ச்சலுக்கு ஆளானவர்களில் மரம் வெட்டும் ஆண்கள் மிகுதியாக இருந்ததன் காரணம் விளங்கியது. இப்பெயர் இந்தியாவிலும் மீண்டும் வரும்.

அமெரிக்கக் கண்டத்தின் ஊளைக் குரங்குகள் இந்நோயால் கூட்டங்கூட்டமாக இறக்கின்றன. விடியலில் அவற்றின் ஒலி கேட்காமல் காடு அமைதியாகிவிடுவதை அங்குள்ள மக்கள் நோயின் முன்னறிகுறியாகக் கொள்வர். 2016 இறுதியில் தொடங்கித் தென்கிழக்குப் பிரேசிலில் பரவிய மஞ்சள் காய்ச்சலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். ஆயிரக்கணக்கான குரங்குகள் மாண்டன. பெருநகரங்களின் விளிம்பு வரை வந்த போதிலும் அது காட்டுக் கொசுக்களின் வழியாகவே பரவியது. பிரேசிலில் வீட்டுக் கொசுவால் மஞ்சள் காய்ச்சல் கடைசியாகப் பரவியது 1942 ஆம் ஆண்டில் ஆகும்.

காட்டிலிருந்து தண்ணீர்க் குடத்துக்கு

ஏடிசு எகிப்திக்கு இரண்டு வடிவங்கள் உள்ளன. ஒன்று ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் கருநிற வடிவம். மரப்பொந்தில் முட்டையிட்டு, பெரும்பாலும் விலங்குகளைக் கடிப்பது. மற்றது வெளிறிய வீட்டு வடிவம். மனிதர் சேர்த்து வைத்த நீரில் முட்டையிட்டு மனிதரையே நாடுவது. நெஞ்சுப் பகுதியில் யாழ் வடிவில் அமைந்த வெண்கோடுகள் இவ்வினத்தின் அடையாளம் ஆகும். எகிப்தின் பெயரைத் தாங்கியிருந்தாலும் இதன் மூதாதையர் ஆப்பிரிக்கக் காட்டு மரப்பொந்துகளைச் சேர்ந்தவர்களே.

கென்யாவின் கடற்கரையை ஒட்டிய ரபாய் பகுதியில் இவ்விரு வடிவங்களும் அருகருகே வாழ்கின்றன. 2014 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, வீட்டு வடிவத்தின் உணர்கொம்பிலுள்ள ஒரு மணமுணர் மரபணு, மனித உடல் மணத்தில் மிகுந்துள்ள சல்கட்டோன் என்ற வேதிப்பொருளுக்குக் கூடுதலாக எதிர்வினையாற்றுவதைக் காட்டியது. ஆப்பிரிக்காவின் பல இடங்களிலிருந்து கொசு முட்டைகளைத் திரட்டி 2020 ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட மற்றோர் ஆய்வின்படி, மனிதரை நாடும் இயல்பு இரண்டு இடங்களில் வலுவாக உள்ளது: நெடிய கடும் வறட்சிக்காலம் உள்ள இடங்களிலும், மக்கள் நெருக்கமான நகரங்களிலும். மரப்பொந்துகள் வற்றிவிடும் நாட்டில் கொசுவுக்கு எஞ்சியிருப்பது மனிதர் மூடாமல் வைத்த நீர்ப்பாண்டமே. குடத்தைத் தேடி வந்த கொசு குடத்துக்கு உரியவரையும் கடிக்கப் பழகிற்று எனலாம்.

இந்த வீட்டு வடிவம் சில நூற்றாண்டுகளுக்கு முன் அடிமைக் கப்பல்களின் நீர்ப்பீப்பாய்களில் அமெரிக்கா சென்றது. ஆசியாவில் அது பரவலாக நிலைபெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் என மரபணு ஆய்வுகள் குறிக்கின்றன. சூயசு கால்வாய் திறக்கப்பட்டதும் (1869) அக்காலத்திலேயே.

புதுச்சேரியின் கடல்வழிகள்

1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கும் மஞ்சள் காய்ச்சல் நாடுகளுக்கும் கடல்வழித் தொடர்பு இருந்தது என்பது பலர் அறியாதது. புதுச்சேரியில் நெய்து நீலச் சாயமேற்றிய கினி எனப்படும் துணி, பிரெஞ்சு வணிகர் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்குச் சென்று அங்குப் பிசின் வணிகத்தில் பணம் போலப் புழங்கியது. அதே செனகலின் செயின்ட் லூயி நகரை 1878 ஆம் ஆண்டு மஞ்சள் காய்ச்சல் கடுமையாகத் தாக்கியது.

இதைவிட நேரடியான தொடர்பு ஒப்பந்தக் கூலிகளின் பயணம் ஆகும். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிக்கப்பட்ட பின், 1853 முதல் மார்த்தினிக்குக்கும் 1854 முதல் குவாதலூப்புக்கும், பின்னர் பிரெஞ்சு கயானாவுக்கும் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து தமிழர் உள்ளிட்ட கூலிகள் கொண்டு செல்லப்பட்டனர். கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற அவர்கள், இந்தியாவில் இல்லாத மஞ்சள் காய்ச்சல் அவ்வப்போது பரவிய நிலங்களில் வாழ நேர்ந்தது. ஒப்பந்தம் முடிந்து ஒரு பகுதியினர் திரும்பியும் வந்தனர். எனினும் நோய் அவர்களுடன் வந்து இங்குப் பரவவில்லை. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவரும் பயணம் மாதக்கணக்கில் நீடித்தது. நோயாளியின் குருதியில் தீநுண்மி இருப்பதோ சில நாட்களே. இன்று அந்தத் தடுப்பு இல்லை. நோயரும்பும் காலமான மூன்று முதல் ஆறு நாட்களுக்குள் உலகின் எந்த மூலையிலிருந்தும் சென்னைக்கு வந்து, அங்கிருந்து சில மணி நேரத்தில் புதுச்சேரியை அடையலாம்.

1957 ஆம் ஆண்டின் ஐயம்

இந்தியாவுக்கு மஞ்சள் காய்ச்சல் வந்துவிட்டதோ என்ற அச்சம் ஒருமுறை உண்மையாகவே எழுந்தது. 1957 ஆம் ஆண்டு இன்றைய கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில் கியாசனூர் காட்டுப் பகுதியில் மந்திகளும் குரங்குகளும் இறந்து விழுந்தன. காட்டுக்குச் சென்ற மக்களும் கடுங்காய்ச்சலால் இறந்தனர். குரங்கும் மனிதரும் ஒருங்கே இறப்பது தென் அமெரிக்கக் காட்டு மஞ்சள் காய்ச்சலின் அடையாளம் என்பதால் முதல் ஐயம் அதன் மேலேயே விழுந்தது. 1952 ஆம் ஆண்டு ராக்பெல்லர் அறக்கட்டளையின் துணையுடன் தொடங்கப்பட்ட புனே தீநுண்மி ஆய்வு மையத்தினர் விரைந்து ஆராய்ந்து, இது மஞ்சள் காய்ச்சல் அன்று எனவும், உண்ணிகளால் பரவும் புதிய தீநுண்மி எனவும் கண்டனர். அது கியாசனூர் காட்டு நோய் எனப் பெயர் பெற்றது.

கொலம்பியாவில் நீலக் கொசுக்களைக் கண்ட அதே பொசெல், பின்னர் இந்தியாவுக்கு வந்து இந்நோயின் சூழலியலை ஆராய்ந்தார். அவருடன் பணியாற்றிய இந்தியப் பூச்சியியலாளர்களுள் ஒருவர் பி. கே. இராசகோபாலன். அவரே பிற்காலத்தில் புதுச்சேரி ஆய்வு மையத்தின் இயக்குநரானார். காட்டு மஞ்சள் காய்ச்சலின் ஆய்வு முறை புதுச்சேரியை அடைந்த வழிகளுள் இதுவும் ஒன்று.

நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975 ஆம் ஆண்டு புதுச்சேரியில் நிறுவிய இம்மையம் வி.சி.ஆர்.சி என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுகின்றது. தொடக்கத்தில் அதன் பெரும்பணி யானைக்கால் நோய் பற்றியதாகும். அந்நோயைப் பரப்பும் கியூலெக்சு கொசு சாக்கடை நீரில் வளர்வது, இரவில் கடிப்பது. 1981 முதல் 1985 வரை நகரில் நடத்தப்பட்ட திட்டத்தில், மருந்தடிப்பதை மட்டும் நம்பாமல் கொசு வளரும் இடங்களையே மாற்றியமைக்கும் முறை பின்பற்றப்பட்டது. கொசுவின் சூழலியலை அறிந்தபின் அதனோடு போராடுவது என்ற அணுகுமுறை இந்தியாவில் பெரிய அளவில் சோதிக்கப்பட்ட இடங்களுள் புதுச்சேரி குறிப்பிடத்தக்கது. குடம்பிகளைக் கொல்லும் பாக்டீரியாவிலிருந்து பூச்சிக்கொல்லி உருவாக்குவதும் மையத்தின் பணிகளில் ஒன்று.

2022 ஆம் ஆண்டு இம்மையம், ஆத்திரேலியாவின் மோனாசு பல்கலைக்கழகத்துடன் இணைந்து, வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைத் தாங்கிய ஏடிசு எகிப்தி கொசு வழிகள் இரண்டைப் புதுச்சேரிக் கொசுக்களுடன் கலந்து உருவாக்கியதாக அறிவித்தது. இயற்கையில் ஏடிசு எகிப்தியில் காணப்படாத இப்பாக்டீரியா, டெங்கு தீநுண்மி கொசுவினுள் பெருகுவதைத் தடுக்கின்றது. மஞ்சள் காய்ச்சல் தீநுண்மியையும் அது மட்டுப்படுத்துவது பிற நாட்டு ஆய்வகங்களில் காணப்பட்டுள்ளது. இத்தகைய கொசுக்களை வெளியில் விடுவதற்கு அரசின் ஒப்புதல் தேவை.

புதுச்சேரியில் வாழிடங்கள்

புதுச்சேரியின் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கின்றது. மற்ற மாதங்களில் நீண்ட வெயில். மேலே சொன்ன ஆப்பிரிக்க ஆய்வு கூறும் சூழலும் இதுவே: வறண்ட நெடுங்காலம், நெருக்கமான மக்கள், சேமித்த நீர். கோடையில் சிமெண்டுத் தொட்டி, பிளாசுட்டிக் பீப்பாய், குடம் ஆகியவை கொசுவைக் காப்பாற்றுகின்றன. மழைக்காலத்தில் பழைய டயர், கொட்டாங்குச்சி, பயன்படாத ஆட்டுக்கல், உரல், பூந்தொட்டித் தட்டு, மாடியில் போட்ட உடைசல் பொருட்கள் ஆகியவை சேர்ந்துகொள்கின்றன. ஆண்டு முழுவதும் நீர் தேங்கும் குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டு பலர் கவனத்துக்கு வருவதில்லை. முட்டை கொசுவாக மாற வெப்பமான காலத்தில் ஏழு முதல் பத்து நாட்கள் போதும். அதனாலேயே வாரம் ஒருமுறை நீரைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவுமாறு கூறப்படுகின்றது. தேய்க்காவிட்டால் சுவரில் ஒட்டிய முட்டைகள் அப்படியே இருக்கும். இக்கொசு பொதுவாக ஒரு தெருவின் தொலைவுக்கு அப்பால் பறப்பதில்லை. பெரும்பாலும் தம்மைக் கடிக்கும் கொசு தம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பிறந்ததே.

நெஞ்சின் நடுவே ஒற்றை வெண்கோடு கொண்ட புலிக்கொசு, அதாவது ஏடிசு அல்போபிக்டசு, தோட்டம், தோப்பு, மரப்பொந்து ஆகியவற்றை விரும்புவது. இது ஆசியாவையே தாயகமாகக் கொண்டது. ஆய்வகத்தில் மஞ்சள் காய்ச்சல் தீநுண்மியைக் கடத்த வல்லது. காட்டுக்கும் வீட்டுக்கும் இடையே உலவும் இத்தகைய கொசுவே பாலமாக அமையக்கூடும் என்பது ஆய்வாளரின் கவலை.

ஆசியாவில் ஏன் இல்லை?

இதற்கு ஒருமித்த விடை இல்லை. டெங்குவால் ஏற்பட்ட எதிர்ப்பாற்றல் மஞ்சள் காய்ச்சலையும் ஓரளவு தடுக்கின்றது என்பது ஒரு கருத்து. ஆசியக் கொசுக்கள் அதைக் கடத்துவதில் திறன் குறைந்தவை என்பது மற்றொன்று. ஆனால் ஆசியக் கொசுக்களும் கடத்துவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. தீநுண்மி போதிய அளவில் வந்து சேரவில்லை என்ற எளிய விளக்கத்தையும் ஒதுக்க முடியாது. 2016 ஆம் ஆண்டு அங்கோலாவில் நோய் பரவியபோது அங்கு வேலை செய்த சீனத் தொழிலாளர் 11 பேர் நோயுடன் சீனா திரும்பினர். ஆசியாவில் மஞ்சள் காய்ச்சல் உறுதி செய்யப்பட்டது அதுவே முதன்முறை. அவர்களிடமிருந்து உள்ளூரில் பரவவில்லை.

ஒருவேளை நகரில் பரவினால் அதைத் தடுப்பூசியாலும் கொசு ஒழிப்பாலும் அடக்கலாம். காட்டுக்குள் புகுந்தால் நிலைமை வேறு. மலேசியக் காடுகளில் மர உச்சிக் கொசுக்களும் குரங்குகளும் டெங்கு தீநுண்மியைத் தமக்குள் சுழலவிடுவது அறியப்பட்டது. அமெரிக்காவில் நிகழ்ந்தது போல மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மஞ்சள் காய்ச்சல் வேரூன்றினால் பின்னர் அதை அகற்ற வழியில்லை. செம்முகக் குரங்கின் கதி 1927 ஆம் ஆண்டே தெரிந்தது.

தடுப்பு விதிகள்

மஞ்சள் காய்ச்சல் நாடுகளிலிருந்து தடுப்பூசிச் சான்றிதழ் இன்றி இந்தியா வருவோர் ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்தப்படுவர். ஆறு நாள் என்பது நோயரும்பும் காலத்தின் மேல்வரம்பு ஆகும். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்தே சான்றிதழ் செல்லும். முன்பு பத்தாண்டுகளுக்கு ஒருமுறை ஊசியைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2016 சூலை முதல் ஒருமுறை பெற்ற சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும். இந்தியாவில் இத்தடுப்பூசி இமாசலப் பிரதேசத்தின் கசௌலியிலுள்ள மத்திய ஆராய்ச்சி நிலையத்தில் தயாரிக்கப்பட்டு வந்துள்ளது. தமிழ்நாட்டில் கிண்டி கிங் நிலையம் நெடுங்காலமாக ஊசி போடும் இடமாக விளங்குகின்றது.

பன்னாட்டு நலவாழ்வு ஒழுங்குவிதிகள் (2005) நுழைவிடங்களைச் சுற்றி 400 மீட்டர் வரை கடத்திகள் இல்லாதவாறு காக்க நாடுகளை வேண்டுகின்றன. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் இது 2009 ஆம் ஆண்டு தொடங்கிய காரைக்கால் துறைமுகத்துக்குப் பொருந்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் கூலிகள் கப்பலேறிய கடற்கரை அதுவே.